வெள்ளீயம் விளைந்த விண்மீன்கள்

ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது தஞ்சை, நாகை வட்டாரச் சமையலறைகளில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. நீர் வற்றிவிட்டால் அடிப்பாகம் உருகிக் கொட்டிவிடும். சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகக்கூடியது. இவ்வளவு சுலபமாக இளகிவிடும் இந்த உலோகம் உருவாவதற்கு ஏறத்தாழ 9 கோடி டிகிரி வெப்பமும், பல்லாயிரம் ஆண்டுப் பொறுமையும், முதுமை எய்திய ஒரு விண்மீனும் தேவைப்பட்டன.

நாகப்பட்டினத்து மண்ணுக்கு இந்த உலோகத்தோடு பழைய உறவு உண்டு. 1856 முதல் 1934 வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த உலோகத் திருமேனிகள் கிடைத்தன. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னனால் இங்கே எழுப்பப்பட்ட சூடாமணி விகாரத்தின் நினைவோடு சேர்த்தே அவை பேசப்படுகின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றுள் பலவற்றைப் பார்க்கலாம். தென்னிந்திய வெண்கலத் திருமேனிகளில் பெரும்பங்கு செம்பு. அதோடு வெள்ளீயமும் ஈயமும் சில சதவீதம் சேரும்.

அந்த வார்ப்புக் கலை சுவாமிமலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து ஸ்தபதி உருவத்தைச் செய்து முடிக்கிறார். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார். பூச்சின்மேல் பூச்சாக மண் ஏறிய பின் அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அந்த உலையின் வெப்பம் ஆயிரம் டிகிரியைச் சற்றுத் தாண்டும். செம்பையும் ஈயத்தையும் கலக்க அது போதும். ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்ற அது காணாது. அந்த மாற்றம் அணுவின் கருவுக்குள் நடக்க வேண்டியது. அதற்கான இடம் விண்மீனின் உட்பகுதிதான்.

அங்கேயும் ஒரு தடை இருக்கிறது.

விண்மீன்கள் அணுக்கருக்களைப் பிணைத்து ஆற்றல் பெறுகின்றன. ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, ஹீலியம் கரியாகவும் ஆக்ஸிஜனாகவும் ஆகிறது. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்களில் இந்த வரிசை நியான், சிலிக்கன் என்று நீண்டு இரும்பில் வந்து நிற்கிறது. இரும்பு, நிக்கல் வட்டாரத்து அணுக்கருக்கள்தாம் இயற்கையிலேயே மிக இறுக்கமாகக் கட்டுண்டவை. அவற்றைப் பிணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான் ஆகும். போதாக்குறைக்கு அணுக்கருக்கள் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. புரோட்டான் எண்ணிக்கை கூடக்கூட ஒன்றையொன்று விலக்கும் விசையும் கூடுகிறது. இரும்பில் 26 புரோட்டான்கள், வெள்ளீயத்தில் 50, ஈயத்தில் 82. பிணைப்பு வழியே இரும்பிலிருந்து ஈயத்துக்குப் போக முடியாது.

வழி திறப்பது நியூட்ரான். அதற்கு மின்னூட்டம் இல்லை, ஆகவே எந்த அணுக்கருவும் அதை விலக்குவதில்லை. இரும்பு-56 ஒரு நியூட்ரானை ஏற்றால் இரும்பு-57, இன்னொன்றை ஏற்றால் இரும்பு-58, அடுத்து இரும்பு-59. இந்த இரும்பு-59 நிலையற்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 45 நாள். அதற்குள் அடுத்த நியூட்ரான் வந்து சேராவிட்டால் உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளும். இரும்பு கோபால்ட் ஆகிவிடும். கோபால்ட் இதே முறையில் நிக்கலாகும், நிக்கல் செம்பாகும். ஏற்பதும் சிதைவதுமாக ஒவ்வொரு படியாகத் தனிம அட்டவணையில் ஏறிக்கொண்டே போகலாம். அடுத்தடுத்த இரண்டு நியூட்ரான்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுவதால் இதை மெதுவழி என்று சொல்லலாம். சிதையக்கூட அவகாசம் தராமல் ஒரு நொடிக்குள் நியூட்ரான்களைக் கொட்டித் தீர்க்கும் வேகவழியும் உண்டு. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழ சரிபாதி மெதுவழியில் வந்தவை.

காகிதத்தில் இருந்த இந்தக் கணக்கு உண்மையில் விண்மீனுக்குள் நடக்கிறது என்பதற்குச் சாட்சி 1952இல் கிடைத்தது. அமெரிக்க வானியலர் பால் மெரில், ஆர் ஆன்ட்ரோமீடே போன்ற சிவந்த முதிய விண்மீன்களின் நிறமாலையில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியம் 1937இல்தான் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட தனிமம். அதற்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. மிக நீண்ட ஆயுளுள்ளதற்கே அரைவாழ்வுக் காலம் 42 லட்சம் ஆண்டுதான். மெதுவழியில் உருவாகும் டெக்னீசியம்-99க்கு அது ஏறத்தாழ 2 லட்சத்துப் பத்தாயிரம் ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு வயதான விண்மீன் பிறக்கும்போதே டெக்னீசியத்தோடு பிறந்திருந்தால் அது எப்போதோ அழிந்திருக்கும். இன்று அது தெரிகிறது என்றால் அண்மையில் அந்த விண்மீனே அதைச் செய்திருக்க வேண்டும். இன்று பெரிய மருத்துவமனைகளில் எலும்பு, தைராய்டு ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றப்படும் தனிமமும் இதே டெக்னீசியம்தான்.

ஐந்தாண்டு கழித்து, 1957இல், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹாயில் நால்வரும் சேர்ந்து எழுதிய ஒரு நீண்ட கட்டுரை, தனிமங்கள் எந்தெந்த வழியில் பிறந்தன என்பதை முழுச் சித்திரமாகத் தந்தது. அலாஸ்டர் கேமரன் தனியாகவே இதை ஒத்த முடிவுகளை எட்டியிருந்தார். ஃபௌலருக்கு 1983இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

மெதுவழியின் முதன்மைக் களம் சூரியனைப்போல் ஒன்றரை முதல் நான்கு மடங்கு வரை நிறையுள்ள விண்மீன்கள், அதுவும் அவற்றின் கடைசிக் காலம். நடுவிலிருந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் தீர்ந்தபின் அந்த விண்மீன் பல நூறு சூரிய அகலத்துக்கு உப்பிச் செம்பெருமீனாகிறது. ஆனால் அதன் மையத்தில் கரியும் ஆக்ஸிஜனும் நெருங்கிக் கிடக்கும் கரு, பூமியின் அளவை ஒட்டியதுதான். அந்தக் கருவைச் சுற்றி ஹீலியம் எரியும் ஓடு ஒன்று, அதற்கு வெளியே ஹைட்ரஜன் எரியும் ஓடு ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய அடுக்கின் நிறை, சூரிய நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. நம் வெள்ளீயம் விளைந்த இடம் அந்த அடுக்கு.

தனித்த நியூட்ரான் கால் மணி நேரம்கூட நிலைப்பதில்லை. எனவே அது தேவைப்படும் இடத்திலேயே உற்பத்தியாக வேண்டும். ஹைட்ரஜன் உறையிலிருந்து சில புரோட்டான்கள் அந்த இடை அடுக்கின் மேல்விளிம்பில் கசிந்து, அங்கிருக்கும் கரியோடு சேர்ந்து கரி-13 ஆகின்றன. வெப்பம் 9 கோடி டிகிரியை எட்டும்போது கரி-13 ஒரு ஹீலியம் கருவை ஏற்று ஆக்ஸிஜன்-16 ஆகிறது, ஒரு நியூட்ரானை விடுவிக்கிறது. சத்தமில்லாமல், பல்லாயிரம் ஆண்டுகள் இது தொடர்கிறது. பிறகு ஹீலிய ஓடு திடீரென்று கொழுந்துவிட்டு எரியும். வெப்பம் 30 கோடி டிகிரியை நெருங்கினால் நியான்-22 வழியாக இரண்டாவது முறை நியூட்ரான்கள் வெளிப்படும். அந்தத் துடிப்பு அடங்கியதும் வெளியுறையின் கொந்தளிப்பு உள்ளே ஆழமாக இறங்கி, புதிதாக உருவான தனிமங்களை அள்ளி மேற்பரப்புக்குக் கொண்டுவரும். மெரில் பார்த்த டெக்னீசியம் அப்படி மேலே வந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டு வரை ஆகும்.

எல்லாத் தனிமங்களும் இந்த வழியில் சம அளவில் சேர்வதில்லை. 50, 82, 126 என்று சில எண்ணிக்கைகளில் நியூட்ரான் அமைந்த அணுக்கருக்கள் நிறைவடைந்த கட்டமைப்புக் கொண்டவை. அவை மேலும் ஒரு நியூட்ரானை ஏற்கத் தயங்கும். அதனால் அந்த இடங்களில் குவியல் விழுகிறது. முதல் குவியலில் ஸ்ட்ரான்சியம், இட்ரியம், ஜிர்கோனியம். இரண்டாவதில் பேரியம், லாந்தனம், சீரியம். மூன்றாவதில் ஈயம்.

இந்தத் தயக்கத்தைக் கல்பாக்கத்தில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 1983 முதல் இயங்கும் அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தில் யுரேனிய எரிபொருள் வில்லைகள் ஜிர்கோனியக் கலப்புலோகக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. தொடர்வினை அறுபடாமல் நடக்க நியூட்ரான்கள் வீணாகக் கூடாது. நியூட்ரானை மிகக் குறைவாக விழுங்கும் உலோகம் ஜிர்கோனியம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இயற்கை ஜிர்கோனியத்தில் பாதிக்குச் சற்று மேல் ஜிர்கோனியம்-90. அதில் சரியாக 50 நியூட்ரான்கள். எந்தக் குணத்தால் அது செம்பெருமீனுக்குள் குவிந்ததோ, அந்தக் குணமே உலைக்குள்ளும் உதவுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கான் கனிமமாகக் கிடப்பதும் இந்தத் தனிமம்தான். அதே மணலிலுள்ள மோனசைட்டின் சீரியமும் லாந்தனமும் பெரும்பாலும் மெதுவழியில் வந்தவை. மோனசைட்டுக்குள் கூடவே இருக்கும் தோரியமோ வேகவழியில் மட்டுமே பிறக்கக்கூடியது. ஒரு பிடி மணலில் இரண்டு வழிகளும் சந்தித்துக்கொள்கின்றன.

வெள்ளீயத்தின் சிறப்பு வேறு. அதன் 50 புரோட்டான்களே ஒரு நிறைவான எண்ணிக்கை. அந்த உறுதியால் அதற்கு 10 நிலையான ஐசோடோப்புகள் உள்ளன. வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. அவற்றில் வெள்ளீயம்-116 மெதுவழிக்கே உரியது. மற்றவற்றில் சில இரு வழிகளிலும் உருவாகும். மொத்தத்தில் பூமியிலுள்ள வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் முதிய செம்பெருமீன்கள் தந்தது.

ஈயம் இந்தப் பாதையின் கடைசி. அதைத் தாண்டிப் பிஸ்மத் வரை போனாலும் அடுத்த அடியில் பொலோனியமாகிச் சிதைந்து மீண்டும் ஈயத்துக்கே திரும்பிவிடும். நாகை மாவட்டத்து விவசாயிக்கு இதன் கணக்கு உடனே பிடிபடும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைமடைக்கு எவ்வளவு வந்துசேரும் என்பது, வழியில் எத்தனை வயல்கள் அதைப் பங்குபோடுகின்றன என்பதைப் பொறுத்தது. விண்மீனுக்குள் நியூட்ரான்களைப் பங்குபோடுபவை இரும்பு அணுக்கருக்கள். இரும்பு நிறைய இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சில நியூட்ரான்களே கிடைக்கும், பயணம் ஸ்ட்ரான்சியத்திலோ பேரியத்திலோ நின்றுவிடும். பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது பிறந்த விண்மீன்களில் இரும்பு மிகவும் குறைவு. அவற்றில் ஒவ்வோர் இரும்புக் கருவுக்கும் நியூட்ரான் தாராளமாகக் கிடைத்ததால் அவை கடைமடையான ஈயம் வரை போய்ச் சேர்ந்தன. இந்தக் கணிப்பு 2001இல் மெய்யானது. சிலியின் லா சில்லா ஆய்வகத் தொலைநோக்கியில் பெல்ஜிய, பிரெஞ்சு வானியலர்கள் இரும்பு குறைந்த மூன்று விண்மீன்களை ஆராய்ந்து, அவற்றில் ஈயம் மிகுந்து கிடப்பதைக் கண்டார்கள். ஈய விண்மீன்கள் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

இந்த ஈயமே சோழர் காலத் திருமேனிகளின் காலத்தைக் கணிக்கவும் கைகொடுக்கிறது. ஈயத்துக்கு 204, 206, 207, 208 என நான்கு நிலையான ஐசோடோப்புகள். பின் மூன்றின் அளவு பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதையக் கூடிக்கொண்டே வருகிறது. ஈயம்-204 கூடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு கனிமப் படிவத்துக்கும் தனி விகிதம் அமைந்துவிடுகிறது. பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகளிலிருந்து மிகச் சிறு துணுக்குகளை எடுத்து இந்த விகிதங்களை அளந்தார். எந்தத் திருமேனிகள் ஒரே காலத்து உலோகத்தில் வார்க்கப்பட்டவை என்று வகைப்படுத்த அது உதவியது. கூடாமலும் குறையாமலும் இருந்து அளவுகோலாகும் அந்த ஈயம்-204, மெதுவழியில் மட்டுமே உருவாகக்கூடியது. வேகவழியில் அதற்கு வரும் பாதையை மெர்க்குரி-204 குறுக்கே நின்று மறித்துவிடுகிறது.

திருமேனியின் பெரும்பங்கான செம்பு வேறுவகை முதிய விண்மீன்களின் கொடை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள மாபெரும் விண்மீன்கள் ஹீலியத்தை எரித்து முடிக்கும் தறுவாயில் நியான்-22 வழியே நியூட்ரான்கள் பிறக்கும். அந்த நியூட்ரான்களால் இரும்பிலிருந்து செம்பு உருவாகும். மார்கழி இரவில் சிவந்து தெரியும் திருவாதிரை அத்தகைய விண்மீன். இப்போது அதன் மையத்தில் ஹீலியம் எரிந்துகொண்டிருப்பதாகக் கணிக்கிறார்கள். ஒருநாள் அது வெடிக்கும்போது உள்ளே சேர்ந்த செம்பும் வெளியே சிதறும். ஆனைமங்கலம் கிராமத்தைச் சூடாமணி விகாரத்துக்குக் கொடையளித்த செய்தியைத் தாங்கி, இன்று லைடன் செப்பேடுகள் என்று அறியப்படும் 21 ஏடுகளின் செம்பும் இத்தகைய விண்மீன்களுக்குள் உருவாகியிருக்க வேண்டும். பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் வேகவழியைச் சேர்ந்தவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைக் கருவிகள் பதிவுசெய்த இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதல், அந்த வழியை நேரில் காட்டிய நிகழ்வு.

தமிழ்நாட்டிலிருந்து இந்த முதிய விண்மீன்களை நோக்கிய வரலாறு மெரிலுக்கும் முந்தையது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1861 முதல் அதன் தலைவராயிருந்த நார்மன் போக்சனிடம் பணியாற்றிய அவர், 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர் பெற்ற அது ஏறத்தாழ 9 மாதத்துக்கு ஒருமுறை உப்பிச் சுருங்கும் செம்பெருமீன். கனத் தனிமங்கள் விளையும் அந்தக் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் ஏறும். ஈரக்காற்றும் புழுதியும் மண்டிய அந்தத் தாழ்வான வானத்தில் இரவுதோறும் ஒளியை ஒப்பிட்டு, மாற்றத்தை உறுதிசெய்வது எளிய வேலையன்று. நவீன காலத்தில் ஓர் இந்தியர் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த முதல் பதிவு இது. பின்னர் 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. விண்மீன் எதனால் எரிகிறது என்பதே உலகில் எவருக்கும் தெரியாத காலம் அது. ஹீலியத்தின் மஞ்சள் கோடுகூட அடுத்த ஆண்டு, 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போதுதான் கண்ணில் பட்டது. மசூலிப்பட்டினத்திலிருந்து அதைக் கண்டவர்களில் போக்சனும் ஒருவர்.

ஒளிக்கோட்டிலிருந்து தனிமத்தின் அளவைக் கணக்கிடும் வழியை 1920இல் மேகநாத் சாகாவின் அயனிச் சமன்பாடு திறந்துவிட்டது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி முதிய விண்மீன்களின் நிறமாலையைப் பதிவுசெய்துவருகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. அந்நிறுவனத்தின் அருணா கோஸ்வாமியும் அவரது குழுவினரும் கரியும் பேரியமும் மிகுந்த விண்மீன்களை ஆராய்கிறார்கள். அவற்றில் பல, தாமே பேரியம் செய்யும் பருவத்தை எட்டாதவை. அருகில் ஒன்றையொன்று சுற்றிவந்த துணை விண்மீன் முதுமையில் கொட்டியதை வாங்கிக்கொண்டவை. கொடுத்த விண்மீனோ உறையை இழந்து, சந்திரசேகர் வரையறுத்த நிறை எல்லைக்குள் அடங்கும் வெண்குறுமீனாக ஒளி மங்கிவிட்டது.

செம்பெருமீன் தன் உறையைப் பலத்த காற்றாக வெளியே வீசுகிறது. வெளியேறும் வாயு குளிர்ந்து சிலிக்கன் கார்பைடு போன்ற நுண்துகள்களாக உறைகிறது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் அத்தகைய துகள்கள் சிக்கின. அவை 460 கோடி ஆண்டு வயதுள்ள சூரியனைவிடப் பழையவை. 2004இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் அந்தத் துகள்களுக்குள் ருத்தீனியம்-99 வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். டெக்னீசியம்-99 சிதைந்தால் ருத்தீனியம்-99 ஆகும். மெரில் தொலைதூர விண்மீனில் பார்த்த டெக்னீசியத்தின் எச்சம், ஆய்வகத்தில் கையிலெடுக்கும் துகளுக்குள் அகப்பட்டது.

டெல்டாவின் நெல்லுக்கும் இதில் பங்குண்டு. அரிசியிலுள்ள கரியில் கணிசமான பகுதி செம்பெருமீன்களின் கொடை. வயல் நீரில் மிதக்கும் அசோலாவுக்குள் வாழும் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வடிவமாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு மாலிப்டினம் அவசியம். 42 புரோட்டான்களோடு முதல் குவியலை ஒட்டியிருக்கும் அந்தத் தனிமத்தில் கணிசமான பங்கும் மெதுவழியில் வந்ததே.

இவ்வகை விண்மீன் ஒன்றை நாகையிலிருந்து வெறுங்கண்ணாலும் பார்க்கலாம். திமிங்கிலக் குழுவிலுள்ள மீரா, டேவிட் ஃபாப்ரிசியஸ் 1596இல் கவனித்த விண்மீன், ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை உச்ச ஒளி பெறுகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரவின் முற்பகுதியில் அது நம் தலைக்கு மேலே கிட்டத்தட்ட உச்சி வானம்வரை ஏறிவரும். உச்ச ஒளியை ஒட்டிய சில வாரங்களில் சாதாரண விண்மீனைப்போல் தெளிவாகத் தெரியும். பின்னர் மெல்ல மங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும். சில ஆண்டுகளில் அந்த உச்சம் சித்திரை வாக்கில் வந்து சூரிய ஒளியில் மறைந்துபோவதும் உண்டு. உச்சம் எப்போது என்று முன்கூட்டிப் பார்த்துவைத்துக்கொண்டு, பக்கத்து விண்மீன்களோடு அதன் ஒளியை ஒப்பிட்டு, தேதியும் நேரமும் சேர்த்துக் குறித்தால் அது முழுமையான ஓர் அவதானிப்பு. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம் உலகின் எந்த மூலையிலிருந்தும் இத்தகைய குறிப்புகளை ஏற்றுக்கொள்கிறது. முதிய விண்மீன்களின் துடிப்பை ஆராய்பவர்கள் இன்றும் அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். நாகை, தஞ்சைப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்கள் ஒரு பருவம் முழுக்க இதைச் செய்துபார்க்கலாம். அதற்குத் தேவையானவை ஒரு விண்மீன் வரைபடம், ஒரு குறிப்பேடு, தெருவிளக்கு எட்டாத ஒரு வயல்வரப்பு.